சிறுவர் கதைகளும் சிவநெறி வாழ்வும்

சைவ சித்தாந்தம் ஆன்மாவின் இயல்புகளை எடுத்துக் கூறும்போது, சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் இயல்பைச் சிறப்பாகக் குறிப்பிடும். படிகக் கல் தன் அருகில் வைத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும். அதுபோல ஆன்மாவும் எதைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும். உலகைச் சார்ந்தால் உலகமயமாகும்; இறைவனைச் சார்ந்தால் சிவமயமாகும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த ஆசிரியர்கள் இவ்வுண்மையைப் பலவாறு விளக்கியுள்ளனர்.

இது கற்றறிந்தோருக்கு மாத்திரம் விளங்கும் தத்துவமன்று. ஒரு குழந்தை கதை கேட்பதைப் பார்த்திருந்தவர்களுக்கு இதன் பொருள் இலகுவாக விளங்கும். கதையிலே சிங்கம் கர்ச்சித்தால் குழந்தை தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொள்கின்றது. பசித்து வந்த கிழவருக்கு ஒருவரும் சோறு கொடுக்கவில்லை என்றால் அதன் கண் கலங்குகின்றது. கேட்கின்ற அந்நேரத்தில் குழந்தை கதையின் வண்ணமாகவே ஆகிவிடுகின்றது.

ஆகவே பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைப் பொழுதுபோக்கு என்று கருதிவிட முடியாது. எந்தக் கதையைச் சொல்வது, அதை எப்படிச் சொல்வது, கேட்ட பின் பிள்ளை எழுப்பும் வினாவுக்கு என்ன மறுமொழி கூறுவது என்பவை பெற்றோரும் ஆசிரியரும் ஆலய பரிபாலகரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய விடயங்களாகும். கதை கேளாத பிள்ளை இல்லை. தாயும் தந்தையும் சொல்லாவிட்டால் கைத்தொலைபேசி சொல்லும். அது சொல்லும் கதையின் வண்ணமும் பிள்ளையிலே படியத்தான் செய்யும்.

முன்னோர் வைத்த வழி

முன்னைய நாளில் ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பிள்ளைகளின் முதற் பாடங்களாக இருந்தன. ஏடு தொடக்கிய சிறுவர்கள் எழுத்தோடு நீதியையும் சேர்த்தே கற்றனர். ஆலயங்களிலே கந்தபுராண படனம் நடைபெற்றது. ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்டது. கார்த்திகையிலே விநாயக விரத காலத்தில் சுன்னாகம் வரத பண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதை படிக்கப்பட்டது. இவற்றை ஊன்றிக் கேட்டவர்கள் பெரியவர்களாயினும், அவர்களின் மடியிலும் தூண் ஓரத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்ட அந்தக் கதைகளே பின்னாளில் அவர்களுக்கு உரமாயின. கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் போற்றிய வாழ்க்கை முறை இவ்வாறு கேட்டுக் கேட்டே வளர்ந்தது.

சிறுவருக்கென்றே நூல் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர் (1822 - 1879) ஆவார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்ட அவர், சிறு நூல்களையும் பாடசாலைகளையும் கொண்டு மிஷனரிமார் பிள்ளைகளின் உள்ளத்தை எட்டியதை அருகிலிருந்தே கண்டவர். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் எழுதினார். சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் செய்யுளாக அருளிய பெரியபுராணத்தை 1852இல் வசனமாக அச்சிட்டு வழங்கினார். பண்டிதர்களுக்கே உரியதாயிருந்த அடியார் வரலாறு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எவருக்கும் உரியதாயிற்று.

நாவலர் ஒழுங்கைத் தந்தார் என்றால், பின்வந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) மகிழ்ச்சியைத் தந்தார் எனலாம். தங்கத் தாத்தா என்று போற்றப்படும் அவர் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டிலே கூழும் கொழுக்கட்டையும் மணக்கின்றன. அதைப் பாடி ஆடிய பிள்ளைக்கு ஆடிப்பிறப்பின் பெருமையைப் பற்றி எவரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. கிழக்கிலே மட்டக்களப்பைச் சேர்ந்த மாஸ்டர் சிவலிங்கம் அவர்கள் சிறுவர்களுக்குக் கதை சொல்லியே பெயர் பெற்றவர். அறிவுறுத்தலும் மகிழ்வித்தலும் ஆகிய இந்த இரண்டு வழிகளும் பிள்ளைக்கு வேண்டும். ஒன்று இன்றி மற்றொன்று நிலையாது.

பயமும் பேரமும்

எனினும் வீடுகளிலே கடவுளைப் பற்றிப் பிள்ளைகளிடம் கூறப்படுபவற்றைச் சற்றே ஆராய்ந்து பார்த்தல் நன்று. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பது பல குழந்தைகள் கடவுளைப் பற்றி முதன்முதலிற் கேட்கும் செய்தியாகும். அடுத்ததாக அவர்கள் கேட்பது, சாமியைக் கும்பிட்டால் பரீட்சையிலே சித்தியடையலாம் என்பதாகும். முன்னையது பயம், பின்னையது பேரம். இரண்டிலும் அன்பு இல்லை.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை இவற்றுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். உடுப்பூரில் வேடர் குலத்திலே பிறந்த திண்ணனார், ஆகம முறை எதுவும் அறியாதவர். ஆறு நாள் அன்பிலே, இறைவனின் கண்ணில் இரத்தம் வடிவதைக் கண்டு தம் கண்ணைத் தோண்டி அப்பினார். சாமி கண்ணைக் குத்தும் என்று வெருட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, சாமிக்குத் தன் கண்ணையே கொடுத்தவரின் கதை எங்ஙனம் விளங்கும்? பயத்தாலே வளர்ந்த பக்தி, பயம் நீங்கியவுடன் தானும் நீங்கிவிடும். பதினாறு பதினேழு வயதில் ஆலயத்துக்கு வராது நின்றுவிடும் இளைஞர்களைக் குறை கூறுபவர்கள், அவர்களுக்கு ஆறு வயதில் எந்தக் கதை சொல்லப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேரத்தால் வளர்ந்த பக்தியும் அத்தகையதே. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கோயில் கட்டப் பொருள் இல்லை. மனத்திலேயே கல்லடுக்கி, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியிலே பெருங்கற்றளி எடுத்த அரசனின் கனவிலே இறைவன் தோன்றி, அந்த நாளிலே தாம் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும் என்று கூறியருளினார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு உண்டோ? திருவிழா உபயத்துக்குப் பணம் கொடுக்க இயலாத தகப்பனின் பிள்ளையும் தலைநிமிர்ந்து வீதி சுற்றுவதற்கு இந்தக் கதை ஒன்றே போதும்.

மார்க்கண்டேயரும் திலகவதியாரும்

இங்கே மிகவும் கடினமான ஒரு வினா எழுகின்றது. பதினாறு வயதே ஆயுள் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயரைச் சிவபெருமான் காலனை உதைத்துக் காத்த கதை, பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கதைகளுள் ஒன்று. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நடுவே, தகப்பனை இழந்த ஒரு பிள்ளையும் இருக்கலாம். மார்க்கண்டேயரைக் காப்பாற்றிய சாமி ஏன் என் அப்பாவைக் காப்பாற்றவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

இது கற்பனையாக எழுப்பப்படும் வினா அன்று. 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளைச் சிதைத்தன. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பிள்ளைகளுக்குத் தாய் தந்தையராக உள்ளனர். வாய்விட்டுக் கேளாத அந்த வினா அவர்களுள் பலரின் நெஞ்சிலே இன்னும் கிடக்கின்றது. இன்றும் விபத்தாலும் நோயாலும் பெற்றோரை இழக்கும் பிள்ளைகள் இல்லாத ஊர் இல்லை.

முன்வினை என்று சொல்லி வாயை அடைப்பது சிலருடைய வழக்கம். வினைக் கொள்கை சைவத்தின் அடிப்படைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்வதற்காக எண்ணவேண்டிய உண்மை. பிறருடைய துயரத்தை அளந்து பார்ப்பதற்கு எடுத்த முழக்கோல் அன்று. அழுகின்ற பிள்ளையிடம் அதைக் கூறுவது, பசித்தவன் கையிலே கல்லை வைப்பதற்கு ஒப்பாகும்.

பெரியபுராணமோ இவ்வினாவை மறைக்கவில்லை. திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த திலகவதியார், மருள்நீக்கியார் என்னும் இருவரும் இளமையிலேயே தந்தையை இழந்தனர். தாயும் உடன் மறைந்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். தானும் உயிரை விடத் துணிந்த தமக்கையின் காலிலே தம்பி விழுந்து அழுதார். அக்காவும் இல்லையென்றால் தாம் அவருக்கு முன்னே இறப்பதாகச் சொன்னார். தம்பிக்காகத் தமக்கை உயிரோடு இருந்தார். அந்தத் தம்பி வழி மாறிச் சென்றபோதும் அவர் வெறுக்கவில்லை. திருவதிகையிலே கோயிலை அலகிட்டு மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காக மன்றாடியிருந்தார். சூலைநோயால் வருந்தித் திரும்பிய தம்பியை ஏற்றுத் திருநீறு கொடுத்தார். அத்தம்பியே திருநாவுக்கரசு நாயனார்.

இக்கதையிலே பெற்றோரின் மரணத்தை இறைவன் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கைவிடவும் இல்லை. அருள் சில வேளைகளில் யமனை உதைக்கும் பாதமாக வருகின்றது. வேறு சில வேளைகளில், தன் துயரத்தை அடக்கிக்கொண்டு தம்பிக்குச் சோறு போடும் அக்காவாக வருகின்றது. மார்க்கண்டேயர் கதையைச் சொல்பவர் திலகவதியார் கதையையும் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்டது கிடைத்த கதைகளை மாத்திரம் பிள்ளைக்குக் கொடுப்பது பாதி உண்மையைக் கொடுப்பதாகும். முதல் துன்பம் வரும்போது அந்தப் பாதி உண்மை முறிந்துவிடும். அப்போது பிள்ளை கதையை மட்டுமன்றிக் கதை சொன்ன பெரியவர்களையும் நம்பாமல் விட்டுவிடும்.

திலகவதியார் கதையும் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முழு விடை ஆகிவிடாது. சில கேள்விகளுக்கு உடனே விடை இல்லை என்று ஒப்புக்கொள்வதும் நேர்மையே. ஆயினும் தன்னைப் போல அழுத பிள்ளைகளும் பெரியபுராணத்திலே இருக்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளை அறிந்துகொள்ளும். துன்பத்திலே தனித்துப் போகவில்லை என்ற அந்த எண்ணமே இறைநம்பிக்கைக்கு வித்தாகலாம்.

கேள்வி கேட்பது குற்றமா?

பிள்ளையார் உண்மையாகவே பாலையும் பழத்தையும் சாப்பிட்டாரா என்று பிள்ளை கேட்டால், சாமி விசயத்தில் அப்படிக் கேட்கக் கூடாது என்று அதட்டுவோர் உளர். சைவ மரபு பிள்ளையின் வாயை அடைக்கும் மரபன்று. சுவாமிமலையிலே குழந்தை முருகன் பொருள் சொல்லத் தந்தையாகிய சிவன் கேட்டார். மூன்று வயதிலே ஞானப்பால் உண்டு பாடியவர் திருஞானசம்பந்தர். மெய்கண்டார் குழந்தைப் பருவத்திலேயே உபதேசம் பெற்றவர். குடும்ப குருவாகிய அருணந்தியார் அவரிடம் ஆணவமலத்தின் வடிவம் யாது என வினவியபோது, அக்குழந்தை வாய்திறவாது அவரையே சுட்டிக்காட்டியதாகவும், முதியவர் செருக்கு அடங்கி அக்குழந்தைக்கே மாணவரானதாகவும் மரபு கூறும். இத்தகைய வரலாறுகளைப் போற்றுகின்ற சமயத்தவர் பிள்ளையின் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் கதையைச் சிறுவர்கள் ஏன் விரும்புகிறார்கள்? தந்தை கொடுத்த நிவேதனத்தைப் பிள்ளையார் உண்டுவிடுவார் என்று அக்குழந்தை முழுமனத்தோடு நம்பியது. உண்ணாதபோது அழுது தலையை மோதியது. அந்த நம்பிக்கைக்காகப் பிள்ளையார் உண்டார். இறைவன் உண்டது பெரிதா, குழந்தை நம்பியது பெரிதா என்று பிள்ளைகளிடமே கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அவர்கள் சொல்லும் விடைகள் பெரியவர்களையும் சிந்திக்க வைக்கும்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழை ஒரு தலைமுறையே காத்திருந்து வாசித்தது. அதிலே வேதாளம் சொன்ன கதைகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடுதான் முடிந்தன. விக்கிரமாதித்தன் விடை சொல்லும் முன்னே வாசித்த பிள்ளையும் ஒரு விடையை யோசித்து வைத்துக்கொண்டது. அந்த யோசனையிலேதான் எது தருமம், எது அதருமம் என்று பகுத்தறியும் ஆற்றல் பிறக்கின்றது.

வயதுக்கேற்ற கதை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. சரியை, கிரியை, யோகம், ஞானம் ஆகிய நான்கினையும் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றுக்கு ஒப்பிட்டார் தாயுமான சுவாமிகள். பிள்ளை உள்ளம் அரும்பு. சிறுத்தொண்டர், சண்டேசுரர் முதலானோரின் வரலாறுகளிலே பெற்ற பிள்ளையின் உயிரும் தந்தையின் காலும் வாளுக்கும் மழுவுக்கும் இலக்காகின்றன. அவற்றின் உட்பொருளை உணர முதிர்ச்சி வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவற்றைச் சொல்லி அச்சமூட்டுவதால் பயன் இல்லை. பதினைந்து வயதிலே அவர்கள் கேட்கும் நியாயமான கேள்விகளோடு சேர்த்தே அவற்றை ஆராயலாம். மறைத்து வைப்பது வேறு. பருவம் பார்த்துக் கொடுப்பது வேறு.

அதுபோலவே, கதையை நடுவிலே நிறுத்தி இதனால் அறியப்படும் நீதி யாது என்று விளக்கத் தொடங்குவது அரும்பை விரலால் விரிப்பதற்குச் சமமாகும். விரிந்தது போலத் தோன்றும். ஆனால் மணம் வராது.

பரீட்சையும் பரிசும்

பாடசாலைகளிலே சமயம் ஒரு பாடமாக இருப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலைகள் நடைபெறுவதும் சைவ மக்கள் பெற்ற பேறுகளாகும். இவற்றுக்காக உழைக்கும் ஆசிரியர்களின் தொண்டு பெரிது. ஆயினும் புள்ளிகளுக்காக மாத்திரம் கற்கப்படும் சமயம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுகின்றது. சம்பந்தர் அவதரித்த தலம் எது என்ற வினாவுக்குச் சீர்காழி என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் நீரிலே மூழ்கிய தந்தையைக் காணாமல் கரையிலே நின்று அழுத அந்தக் குழந்தையின் தவிப்பை உணர்ந்த பிள்ளைக்கு எத்தனை புள்ளி போடுவது? சந்தையிலே தாயின் கையைத் தவறவிட்டு அழுத எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தவிப்புத் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் உமையம்மையார் பால் கொடுத்த அருளும் விளங்கும்.

ஊரிலே செய்யத்தக்கவை

இவையெல்லாம் பெருஞ்செலவில் செய்ய வேண்டிய காரியங்கள் அல்ல. வெள்ளிக்கிழமை மாலைப் பூசையின் பின் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு கதை சொல்லலாம். சித்திரைச் சதயத்திலே அப்பர், வைகாசி மூலத்திலே சம்பந்தர், ஆனி மகத்திலே மணிவாசகர், ஆடிச் சுவாதியிலே சுந்தரர் என்று குருபூசை நாட்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன. அன்றன்று அவ்வடியாரின் கதையை ஒரு பிள்ளையைக் கொண்டே சொல்லுவிக்கலாம். மனனம் செய்த பேச்சாக அல்லாமல், தம்பி தங்கைக்குச் சொல்வதுபோலச் சொல்ல விட வேண்டும்.

ஊர் வாசிகசாலையிலோ கோயில் மடத்திலோ சிறுவர் நூல்களுக்கென ஓர் அலுமாரி வைக்கலாம். பிறந்தநாளுக்கும் பெற்றோர் நினைவு நாளுக்கும் அன்னதானம் செய்வோர் அத்துடன் இரண்டு சிறுவர் நூல்களையும் வழங்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நூலை இழந்த வேதனையை அறிந்த சமூகத்திலே, இருக்கின்ற நூல்கள் பூட்டிய அலுமாரிக்குள் கறையான் அரிக்கக் கிடப்பது முறையன்று. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகத்திலே ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்க முடியும். கைத்தொலைபேசியைப் பிள்ளையிடமிருந்து பறிப்பதிலும் பார்க்க, அதே கைத்தொலைபேசியிலே தாத்தாவும் பேத்தியும் சேர்ந்திருந்து ஒரு பழைய கதையை வாசிப்பது மேலானது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியோரின் நடத்தை கதையோடு பொருந்தியிருக்க வேண்டும். பூசலார் கதையைச் சொல்லிவிட்டு, கோயிலிலே பணம் உள்ளவருக்கு முன்னிடமும் இல்லாதவருக்குப் பின்னிடமும் கொடுத்தால் பிள்ளை எதை நம்பும்? கண்ணப்பர் கதையைச் சொல்லிவிட்டு, குலம் பார்த்து ஒருவரை விலக்கினால் பிள்ளை எதைக் கற்கும்? பிள்ளை காதாலே கேட்ட கதையைக் கண்ணாலே சரிபார்க்கின்றது. இரண்டும் பொருந்தாதபோது அது கண்டதையே பின்பற்றும். சார்ந்ததன் வண்ணமாதல் என்ற உண்மை இங்கேதான் பெரியோரை நோக்கித் திரும்புகின்றது. பிள்ளை சார்ந்திருப்பது கதையை மாத்திரமல்ல, கதை சொல்பவரையும்தான்.

ஆகவே பயத்தையும் பேரத்தையும் விலக்கி, அன்பை முதலாக வைத்து, இன்பக் கதையோடு துன்பக் கதையையும் மறையாது சொல்லி, கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையோடு செவிசாய்த்துப் பிள்ளைகளை வளர்ப்பது சைவப் பெருமக்களின் கடனாகும். எழுகின்ற கோபுரங்களைப் போலவே வளர்கின்ற உள்ளங்களும் இறைவன் உறையும் இடங்களே. அவ்வுள்ளங்களிலே நல்ல கதைகள் தங்கவும், அக்கதைகளின் வழியே அன்பும் அறிவும் ஓங்கவும் எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் சிந்தையோடு பிள்ளைகள் வாழ்க! ஊர் வாழ்க!